மழை வந்தால் விழும் சுவிட்ச்

கேமரன் மலையில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் குளிப்பதற்கு ஹீட்டரைப் போடுவார்கள். அடுப்படியில் ரைஸ் குக்கர் வேகும். கூடத்தில் தொலைக்காட்சி, பின்கட்டில் வாஷிங் மெஷின். அந்த நேரம் பார்த்து மீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. யாராவது நாற்காலி போட்டு ஏறி, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடுவார்கள். சில நாள் அது நிற்கும். சில நாள் அடுத்த நிமிடமே மறுபடியும் விழும்.

தேயிலைத் தோட்டத்து லயமானாலும் தானா ராத்தா அடுக்குமாடியானாலும் காட்சி ஒன்றுதான். ‘மழைக்கு இது இப்படித்தான் விழும்’ என்பதுதான் வீட்டில் உள்ளவர்களின் முடிவு. பழகிப்போன தொல்லை. ஒருநாள் பொறுமை போய், தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ‘இது இனிமேல் விழாமல் பண்ணிக் கொடுங்கள்’ என்று கேட்கிறோம். அவரும் பத்து நிமிடத்தில் பண்ணிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு சுவிட்ச் விழாது. யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டாலும் விழாது.

அந்தப் பத்து நிமிட வேலை வழக்கமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். சுவிட்சின் உள்ளே வரும் கம்பியையும் வெளியே போகும் கம்பியையும் நேராக இணைத்து, அதை வெறும் பொம்மையாக்கிவிடுவது ஒன்று. 30 மில்லிஆம்பியர் சுவிட்சைக் கழற்றிவிட்டு 100 மில்லிஆம்பியர் சுவிட்ச் மாட்டுவது இன்னொன்று. மூன்றாவது, விழவைக்கும் சாதனத்தின் எர்த் கம்பியை வெட்டிவிடுவது. மூன்றில் இந்தக் கடைசி வேலைதான் பார்க்கச் சாதுவானது. என்னைக் கேட்டால் அதுதான் மிகவும் கெட்டது. ஏன் என்று பின்னால் வருகிறது.

எந்த சுவிட்ச் விழுந்தது?

பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சிறிய சுவிட்சுகள் இருக்கும். இவை எம்.சி.பி. அவற்றோடு, கொஞ்சம் அகலமாக, ‘டி’ என்ற எழுத்துப் போட்ட ஒரு சிறு பொத்தானுடன் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத்தான் நாம் இ.எல்.சி.பி. என்கிறோம். அந்தப் பெயர் உண்மையில் பழைய வகைக்கு உரியது. இப்போது வீடுகளில் இருப்பது ஆர்.சி.சி.பி. பெயர் எதுவானாலும் பரவாயில்லை, இரண்டு வகைச் சுவிட்சுக்கும் வேலை வேறு என்பது தெரிந்தால் போதும்.

எம்.சி.பி. காப்பது கம்பியை. ஒரே இணைப்பில் அளவுக்கு மேல் சாதனங்களைப் போட்டாலோ, இரண்டு கம்பிகள் நேராக உரசிக்கொண்டாலோ அது விழும். ஆர்.சி.சி.பி. காப்பது மனிதனை. எத்தனை சாதனம் ஓடுகிறது என்பது அதற்குக் கணக்கே இல்லை. ‘நிறைய சாமான் போட்டதால் விழுந்துவிட்டது’ என்று அகலச் சுவிட்சைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் தவறான நோய்க் கணிப்பு.

அது பார்ப்பது ஒரே ஒரு கணக்கு. மலையில் நிறுத்த கொழுந்தைத் தொழிற்சாலையில் மறுபடியும் நிறுப்பார்கள். அங்கே எடை குறைந்தால் வழியில் எங்கோ மூட்டை பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்.சி.சி.பி.க்குள் ஒரு வளையம் இருக்கிறது. வீட்டுக்குள் போகும் லைவ் கம்பியும் திரும்பி வரும் நியூட்ரல் கம்பியும் அந்த வளையத்தின் வழியாகவே போகின்றன. போன மின்சாரமெல்லாம் திரும்பி வந்தால் வளையம் சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பி வராவிட்டால், அது வேறு வழியாக, அதாவது ஹீட்டரின் உலோக உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனிதனின் உடல் வழியாகவோ, மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வளையம் அந்த வித்தியாசத்தை உணர்ந்து சுவிட்சைத் தள்ளிவிடுகிறது.

எவ்வளவு வித்தியாசம்? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தன்னார்வலர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். மின்சாரம் பாயும் கம்பியைப் பிடித்தவர் எந்த அளவு வரை தானாகக் கையை விடுவிக்க முடியும் என்று பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும், கை விடாது. 1961-இல் அந்நாட்டுக்கான கசிவு காப்புச் சாதனத்தை உருவாக்கியவரும் அவரே. நம் வீட்டில் எரியும் ஒரு சாதாரண 10 வாட் பல்ப் எடுப்பதே 40 மில்லிஆம்பியருக்கு மேல். ஒரு உயிரைப் பிடித்து வைக்க அதில் பாதிகூட வேண்டாம்.

மலேசிய மின்சார விதிகளும் எரிசக்தி ஆணையத்தின் வழிகாட்டியும் இதை வைத்துத்தான் மூன்று அளவுகளைச் சொல்கின்றன. ஈரமான இடங்களுக்கும் குளியலறை ஹீட்டருக்கும் 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்கள் மாட்டும் பிளக்குகளுக்கு 30, மற்றவைக்கு 100. முப்பதை எடுத்துவிட்டு நூறை மாட்டினால், அது வயர் தீப்பிடிப்பதைத் தடுக்க உதவலாம். கையை விட முடியாமல் நிற்பவரைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

இங்கே ஏன் இது இவ்வளவு முக்கியம்

ஐரோப்பாவில் பல வீடுகளுக்கு மின் நிறுவனமே எர்த் இணைப்பையும் கொடுத்துவிடும். அங்கே ஹீட்டரின் உடலில் லைவ் கம்பி பட்டால் பெரிய மின்னோட்டம் பாய்ந்து எம்.சி.பி.யே விழுந்துவிடும். நம் நாட்டில் வீட்டு எர்த் என்பது பொதுவாக அந்த வீட்டுக்காரர் தன் மண்ணில் அடித்த செம்புப் பூச்சுக் கம்பி. அது நல்ல கம்பியாகவே இருந்து, மண்ணோடு அதன் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். ஹீட்டருக்கான 20 ஆம்பியர் எம்.சி.பி. அந்த 23-ஐ ஒரு மணி நேரம்கூடத் தாங்கிக்கொண்டு நிற்கலாம். 32 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. பாறை கலந்த மலைச்சரிவில் கம்பி சரியாக இறங்காமல் தடை 50 ஓம் ஆகிவிட்டால், ஓடுவது 5 ஆம்பியருக்கும் குறைவு. எம்.சி.பி.க்கு அது ஒரு சாதாரண ரைஸ் குக்கர் ஓடுவது போலத்தான் தெரியும். அந்த நேரம் முழுவதும் ஹீட்டரின் உலோகப் பகுதியில் மின்சாரம் இருக்கும்.

நம் வீடுகளில் அந்த நிலைமையைக் கண்டுபிடித்து நிறுத்தக்கூடியது அந்த அகலச் சுவிட்ச் ஒன்றுதான். இரண்டாவது காவல் கிடையாது.

எர்த் கம்பியை வெட்டுவது ஏன் கெட்டது என்பதும் இங்கே புரியும். எர்த் இருக்கும்போது, கசிவு அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும், சுவிட்ச் விழும். யாரும் தொட வேண்டிய அவசியமே இல்லை. எர்த்தை வெட்டிவிட்டால் கசிவுக்கு வழி இல்லை, சுவிட்ச் நிற்கும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கெட்டிலின் உடலில் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும். அதற்கு வழி கொடுக்கும் முதல் ஆள், ஈரக் கையோடு அதைத் தொடுபவர். அப்போதுதான் சுவிட்ச் விழும், அதுவும் அவர் உடல் வழியாக மின்சாரம் பாய்ந்த பிறகு. அந்தச் சுவிட்சையும் ஏற்கெனவே பொம்மையாக்கியிருந்தால், என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

மலை வீட்டின் ஈரம்

சரி, கீழே ஈப்போவில் ஒழுங்காக ஓடுகிற அதே சாதனம் மேலே கொண்டுவந்தால் ஏன் சுவிட்சை விழவைக்கிறது?

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். ஆண்டுக்கு 2,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி இங்கே 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அது. சாதாரண நாளிலும் இரவில் 15 டிகிரி பக்கம் வந்துவிடும். காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கிறது. பகலில் சூடான வீடு இரவில் குளிரும்போது அந்த ஈரம் சுவரிலும் பிளக் பெட்டிக்குள்ளும் வாசல் விளக்கின் கண்ணாடிக்குள்ளும் துளியாகப் படிகிறது. துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டுவது மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. துணிக்கு நேர்வதுதான் வயருக்கும் நேர்கிறது.

இதில் அதிகம் மாட்டிக்கொள்பவை சூடாக்கும் சாதனங்கள். ஹீட்டர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, அவன் எல்லாவற்றிலும் ஒரு உலோகக் குழல் இருக்கும். அதன் நடுவில் சூடாகும் கம்பிச் சுருள் ஓடும். சுருள் குழலைத் தொடாமலிருக்க, இடையில் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும் வரை அந்தத் தூள் மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் அது உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழலின் முனையிலுள்ள அடைப்பு கொஞ்சம் விட்டுப்போனால், சில வாரம் பயன்படுத்தாமல் வைத்த சாதனத்துக்குள் ஈரம் ஏறிவிடும். அடுத்த முறை போட்டதும் ‘டக்’.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. தினமும் போடும் கெட்டில் விழவைக்காது. விருந்தாளி வந்தால் மட்டும் போடும் ஹீட்டர், தீபாவளிப் பலகாரத்துக்கு மட்டும் எடுக்கும் அவன் போன்றவைதான் விழவைக்கும். சிறிய சாதனமாக இருந்தால், பிளக்கைக் கழற்றி இரண்டு மூன்று நாள் காய்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் விழுந்தால் குழல் வெடித்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். தண்ணீர் ஹீட்டரை வீட்டில் காயவைக்க முடியாது, அதை வயர்மேன் அளந்து பார்க்க வேண்டும். ‘எர்த்தைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் சூடு பண்ணினால் காய்ந்துவிடும்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது வெளியே இருக்கும் மின் இணைப்புகள். பழைய லயங்களில் குளியலறை பின்னால் தனியாக இருக்கும். அதற்குப் போகும் வயர் கூரை ஓரமாக, மழையும் வெயிலும் பட்டு, மேலுறை வெடித்துக் கிடக்கும். வாசல் விளக்கு, சாமி மேடை விளக்கு, தைப்பூசத்துக்குக் கட்டிப் பிறகு அவிழ்க்காமல் விட்ட தொடர் விளக்கு, தண்ணீர் பம்பு ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். சுவிட்ச் பெட்டிக்குள் எறும்புக் கூடும், கூரைக்கு மேல் எலி கடித்த வயரும் இதே வேலையைச் செய்யும். மழை தொடங்கி அரை மணி நேரத்தில் விழுந்து, வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிட்டால், பெரும்பாலும் வெளி வயரில்தான் கோளாறு.

ஈரம் என்பதற்காக, ‘கொஞ்சம் ஈரத்துக்கெல்லாம் விழுகிற சுவிட்ச்’ என்று அதை மட்டமாக எண்ண வேண்டாம். நல்ல வயரிங்கில் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது பத்து லட்சம் ஓம் தடை இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 30 மில்லிஆம்பியர் சுவிட்ச் 15-க்கு மேல் 30-க்குள் எங்காவது விழும்படி செய்யப்பட்டது. அவ்வளவு கசிய வேண்டுமென்றால், பத்து லட்சமாக இருந்த தடை பதினைந்தாயிரத்துக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். இது வெறும் பனித்துளி விஷயம் இல்லை. எங்கோ காப்பு கெட்டுப்போயிருக்கிறது, ஈரம் அதை வெளிப்படுத்துகிறது.

கண்டுபிடிப்பது எப்படி

முதலில் ஒரு வார்த்தை. கருகிய வாடை வந்தாலோ, குழாயையோ பிரிட்ஜையோ தொட்டபோது சுருக்கென்று இருந்தாலோ எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். மெயினை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். மற்றபடி, பெட்டியின் மூடியைக் கழற்றாமல், காய்ந்த தரையில் செருப்புப் போட்டு நின்று, யாரும் செய்யக்கூடிய சோதனை இது.

எல்லா எம்.சி.பி.களையும் கீழே இறக்குங்கள். அகலச் சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக, இடையில் ஒரு நிமிடம் விட்டுத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது அகலச் சுவிட்ச் விழுகிறதோ, கோளாறு அந்த இணைப்பில் இருக்கிறது. இப்போது அந்த இணைப்பில் உள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிடுங்கத்தான் வேண்டும். சுவரிலுள்ள பிளக் சுவிட்ச் பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைப்பு அப்படியே இருக்கும். எல்லாம் பிடுங்கிய பிறகு சுவிட்ச் நின்றால், சாதனங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். குற்றவாளி அகப்பட்டுவிடும். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால், வயரிலோ சுவரோடு பொருத்திய விளக்கிலோ ஹீட்டரிலோ கோளாறு. அங்கேயே நிறுத்திக்கொண்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

சில வீடுகளில் எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே அகலச் சுவிட்ச் நிற்காது. உடனே ‘சுவிட்சே கெட்டுவிட்டது’ என்று புதிது வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் நிற்காது. காரணம், நம் எம்.சி.பி. ஒற்றைக் கம்பியை மட்டும் வெட்டும் வகை. எங்கோ நியூட்ரல் கம்பி எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி.யை இறக்கினாலும் அந்தத் தொடர்பு போகாது. இதற்கும் முதல் வேலை எல்லா பிளக்குகளையும் பிடுங்கிப் பார்ப்பதுதான். புதிதாக ஓர் அறை கட்டி வயர் இழுத்த பிறகு இந்தத் தொல்லை ஆரம்பித்திருந்தால், புது வயரின் நியூட்ரலை வேறொரு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலோடு கலந்து கட்டியிருப்பார்கள். அப்போது ஒரு வளையத்தில் போன மின்சாரம் இன்னொரு வளையம் வழியாகத் திரும்பும். கசிவே இல்லாமல் இரண்டு சுவிட்சும் விழும். கொழுந்தை ஒரு தராசில் நிறுத்து, வேறொரு தராசில் வரவு வைத்த கதை. இது கைவேலைத் தவறு, செய்தவரையே கூப்பிட்டுச் சரிபண்ணச் சொல்லலாம்.

இரவு இரண்டு மணிக்கு, வீட்டில் எதுவும் ஓடாதபோது விழுவதுதான் மக்களை மிகவும் குழப்புகிறது. பேய் வீடு என்று பேச்சு வருவதும் அப்போதுதான். முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரிட்ஜ். பனி கட்டாத வகைப் பிரிட்ஜுக்குள் பனியை உருக்க ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது தானாக ஓடும். அந்த ஹீட்டரில் ஈரம் ஏறியிருந்தால் பகலெல்லாம் பிரிட்ஜ் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், அந்த ஒரு நேரத்தில் மட்டும் விழவைக்கும். நீங்கள் சோதிக்கும்போது அகப்படாது. அதனால் ஒரு தாளில் விழுந்த நேரம், அப்போது மழையா வெயிலா, எது ஓடியது என்று எழுதி வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு இருந்தால் வயர்மேனுக்குப் பாதி வேலை முடிந்தது.

கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு அம்மா அப்பாவை மலையில் விட்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ‘மறுபடியும் கரண்ட் போச்சுப்பா’ என்று அம்மா போனில் சொன்னால், பெட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் சுவிட்ச் கீழே கிடக்கிறது, அகலச் சுவிட்சில் 0.03 என்று இருக்கிறதா 0.1 என்று இருக்கிறதா என்பது படத்திலேயே தெரிந்துவிடும். ஆம்பியரில் 0.03 என்பதே 30 மில்லிஆம்பியர், 0.1 என்பது 100. வீடு முழுக்க ஒரே 0.1 சுவிட்ச் மட்டும் இருந்தால், அது இதுவரை விழாமல் இருந்தாலும் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கவனிக்க வேண்டிய வீடு அதுதான்.

உண்மையான தொல்லையும் உண்டு

சில நேரம் சுவிட்ச் காரணமில்லாமல் விழுகிறது என்பதும் மெய்தான். எல்லா மின்னணுச் சாதனங்களும் ஒழுங்காக இருக்கும்போதே துளி கசியும், அது அவற்றின் அமைப்பு. வாஷிங் மெஷின் போன்றவைக்கு 3.5 மில்லிஆம்பியர் வரை அனுமதி உண்டு. பிரிட்ஜ், கணினி, டிரையர், ஹீட்டர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும். பிள்ளைகள் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு சாதனம் வாங்கி வந்து, வீடு முழுக்க ஒரே 30 மில்லிஆம்பியர் சுவிட்சின் கீழ் மாட்டினால், சாதாரணக் கசிவே பத்துப் பன்னிரண்டைத் தொட்டுவிடும். பதினைந்தில் விழத் தயாராக இருக்கும் சுவிட்சுக்கு ஒரு ஈரக் கெட்டில் போதும். வழக்கமான கசிவு சுவிட்சின் அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

இதற்கு மருந்து பெரிய அளவு சுவிட்ச் போடுவது அல்ல, சுவிட்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. பிளக்குகளை இரண்டாகப் பிரித்து இரண்டு 30 மில்லிஆம்பியர் சுவிட்சுகள், ஹீட்டருக்குத் தனியாக ஒரு 10, விளக்குகளுக்குத் தனி இணைப்பு. அப்போது வாஷிங் மெஷினால் ஒன்று விழுந்தாலும் விளக்கு எரியும், இருட்டில் நாற்காலி ஏற வேண்டாம். பிரிட்ஜை மட்டும் தனியாக வைத்துவிட்டால், விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது ஐஸ் பெட்டியில் இருந்த ஆட்டிறைச்சி நாறிக் கிடக்காது. செலவு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பழைய வீட்டில் போடும் மின் செலவுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இடி இன்னொரு உண்மையான தொல்லை. உலகில் அதிகம் இடி விழும் பகுதிகளில் நம் நாடும் ஒன்று. எங்கோ விழுந்த இடி மின்கம்பியில் ஒரு கணம் எழுப்பும் அதிர்வு, வீட்டுக்குள் வந்து எர்த் வழியாக இறங்கும். சுவிட்சுக்கு அது கசிவாகவே தெரியும். இடி நேரத்தில் மட்டும் விழுந்து, தூக்கியதும் நன்றாக நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. இத்தகைய கண நேர அதிர்வைப் பொறுத்துக்கொள்ளும் வகை ஆர்.சி.சி.பி. கிடைக்கிறது, இடி அதிர்வைத் தாங்கும் காப்புச் சாதனமும் கிடைக்கிறது. விழுந்த சுவிட்சைத் தானாகத் தூக்கிவிடும் கருவியும் விற்கிறார்கள். வாங்குவதென்றால், தூக்குவதற்கு முன் வயரில் கசிவு இருக்கிறதா என்று தானே சோதிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சோதிக்காமல் தூக்கிவிடும் கருவி, மாட்டிக்கொண்டவர் மீது மறுபடியும் மின்சாரத்தைப் பாய்ச்சும்.

யார் செலவில், யார் கையால்?

மீட்டருக்கு வெளியே உள்ள கோளாறு தெனாகா நேஷனலின் பொறுப்பு. மின்தடை புகாருக்கு 15454. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. தோட்டத்து லயத்தில் சொந்தக்காரர் என்பது அங்கே குடியிருக்கும் தொழிலாளி அல்ல. தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதையும் போதிய மின்சாரம் தருவதையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. லயத்து வீட்டில் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால், அதைத் தேதியோடு எழுத்தில் தோட்ட அலுவலகத்தில் கொடுப்பதுதான் முறை. சம்பளப் பணத்தைக் கொடுத்து யாரையோ கூப்பிட்டு பொம்மைச் சுவிட்ச் பண்ணிக்கொள்வது அல்ல. சொல்லப்போனால் அப்படிப் பண்ணியவுடன் புகார் கொடுக்கவும் காரணம் இருக்காது, சுவிட்ச்தான் விழவில்லையே.

கேமரன் மலை மின்சாரத்துக்குப் புதிய ஊரும் அல்ல. 1963-இல் முடிந்த ரிங்லெட் அணைத் திட்டத்தில் இந்த மலை ஆறுகளின் தண்ணீர் சுரங்கம் வழியாகப் போய்ப் பேராக் பக்கம் ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. அந்த மலையிலேயே அறுபது ஆண்டு கழித்தும் ஒரு குளியலறை ஹீட்டரைப் பயந்து பயந்து போடுவது என்ன நியாயம் என்று கேட்கலாம்.

கூப்பிடும் வயர்மேன் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ளவரா என்று கேளுங்கள். சாதாரண ஒற்றை இணைப்பு வீட்டுக்கு பி.டபிள்யூ.2, மும்முனை இணைப்புக்கு பி.டபிள்யூ.4. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சான்றிதழ் உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை முடிந்ததும் மூன்று எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். வயரின் காப்புத் தடை எத்தனை மெகாஓம், எர்த் கம்பியின் தடை எத்தனை ஓம், அகலச் சுவிட்ச் எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது. தன் அளவுக் கசிவில் அது 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும். வயர்மேனிடம் அதை அளக்கும் கருவி இல்லையென்றால், அவர் சுவிட்சை மாற்றியிருக்கிறார், கோளாறைப் பார்க்கவில்லை.

வீட்டில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை அந்த ‘டி’ பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஹீட்டரின் உடம்பிலேயே ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அமுக்குங்கள். அமுக்கியதும் விழ வேண்டும். விழாவிட்டால் ஹீட்டரைப் போடாமல் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். பொத்தான் சோதிப்பது சுவிட்சை மட்டும்தான். எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் அது விழும், அதனால் எர்த்தை வயர்மேன் தனியாகத்தான் அளக்க வேண்டும். பொத்தானை அமுக்குவதற்கு மழை இல்லாத நாளில், சோறு வெந்து முடிந்த பிறகு, பகல் வெளிச்சமுள்ள நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.